மறைத்து வைத்த கோடு

கணினித் திரையில் நான் வரைந்த முதல் கோளம், படுக்க வைத்த கோழிமுட்டையாக வந்தது. அப்போது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பரப்புகளின் வடிவியலை அதுவரை கரும்பலகையில் மட்டுமே நடத்தியிருந்தேன். கோளம் என்றால் ஒரு வட்டம், அதன் இடுப்பில் புள்ளிக்கோடாக ஒரு நீள்வட்டம். உருளை என்றால் இரண்டு நீள்வட்டங்கள், இரண்டு நேர்கோடுகள். சேணம் போல ஒரு திசையில் மேலாகவும் மறு திசையில் கீழாகவும் வளையும் பரப்பு வந்துவிட்டால் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டுவேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அது அரைகுறை நாட்டியம் போலத் தெரிந்திருக்கும். ஆனாலும் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், யாரும் சிரித்ததில்லை.

கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தை நாற்பது வயதுகளில் இருந்த ஒருவர் பார்த்துக்கொண்டார். பேராசிரியர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் லேப் அண்ணாச்சிதான். வணிகவியல் படித்தவர். செருப்பை வாசலில் விடாமல் ஆய்வகத்துக்குள் கால் வைக்க முதல்வரைக்கூட அனுமதிக்க மாட்டார். அன்று காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்த நான், சமன்பாட்டை மூன்று முறை சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் முட்டையே வந்தது.

"மேடம், சாப்பிடப் போகலையா. மணி ரெண்டாகப் போவுது."

"கோளம் முட்டையா வருது அண்ணாச்சி. எங்கயோ தப்பு விட்டிருக்கேன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சற்று நேரம் பார்த்தார்.

"உங்க கணக்குல தப்பு இருக்காது மேடம். இந்த ஓரத்து எண்ணைப் பாருங்க. இங்கன ஒண்ணுங்கது ஒரு சாண் இருக்கு. அங்கன அதே ஒண்ணு நாலு விரக்கடைதான் இருக்கு. ஸ்கிரீன் அகலமா இருக்குல்லா, அதுக்குத் தக்கன இழுத்து வச்சிருக்கு. பெறவு முட்ட வராம என்ன வரும்."

ஓர் அமைப்பை மாற்றினார். முட்டை நிமிர்ந்து உட்கார்ந்து கோளமாயிற்று. கோளத்தின் சமன்பாட்டை வாழ்க்கையில் ஒருமுறைகூட எழுதியிராத மனிதர், மூன்று மணி நேரமாக நான் காணாததை ஒரு நிமிடத்தில் கண்டுவிட்டார். நான் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அச்சுகளில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். படத்தைப் பார்ப்பதற்கு முன் அச்சுகளைப் படியுங்கள் என்று அதன் பிறகு எல்லா வகுப்புகளிலும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடத்தில் குறையில்லை.

ஆனால் அந்த மதியத்தில் நான் வேறொன்றையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். திரையில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால், கணக்கு சரியாக இருக்கும், இயந்திரம்தான் ஏதோ செய்திருக்கிறது என்பதே அது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முட்டை கோளமான சந்தோஷத்தில் நானாகவே எடுத்துக்கொண்டது.

சில ஆண்டுகள் கழிந்தன. பரப்புகளைத் திரையில் சுழற்றிக் காட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. கைகளை வளைத்துக் காட்டும் நாட்டியமும் நின்றுபோனது. பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது முதுகலை இறுதியாண்டில் என் மேற்பார்வையில் ஆய்வேடு எழுத வந்தவள் கோமதி.

சங்கரன்கோவிலில் ஆசிரியராக இருப்பவர்கள் முதலில் பழக வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வகுப்பில் கோமதி என்று கூப்பிட்டால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். ஊரின் அம்மன் பெயர் அது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. எனவே ஊர்ப்பெயரைச் சேர்த்துத்தான் அழைப்போம். சிவகிரி கோமதி, வாசுதேவநல்லூர் கோமதி என்று அந்த ஆண்டும் வரிசை இருந்தது. என்னிடம் வந்தவள் மேலநீலிதநல்லூர் கோமதி. கூப்பிடுவதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் நல்லூர் கோமதியாகச் சுருங்கியிருந்தாள். வீட்டில் மானாவாரி நிலமும் ஆடுகளும் இருந்தன. கணினி இல்லை. காலையில் முதல் பேருந்தில் வந்து, லேப் அண்ணாச்சி சாவிக்கொத்தோடு வரும்வரை ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பாள். வகுப்புகள் தொடங்கும் முன் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அவளுடையது.

பரப்புகளின் வடிவியலைக் கணினிக் காட்சிகள் வழியாக விளக்குவது அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. கோளம், உருளை, சேணம் எல்லாவற்றையும் அவளே நிரல் எழுதி வரைந்தாள். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. அந்த அழகுதான் வினையாக வந்தது.

எங்கள் துறைத்தலைவர் என்னைவிட வயதில் இளையவர், கண்டிப்பானவர், நேர்மையானவர். முந்தைய ஆண்டு இரண்டு மாணவர்கள் வெளியூர்க் கடையொன்றில் ஆயத்தமாக விற்ற ஆய்வேடுகளை வாங்கி வந்து, தங்கள் பெயரைப் போட்டுப் பிடிபட்டிருந்தார்கள். அவர்கள் ஆய்வேட்டை ரத்து செய்து, அடுத்த ஆண்டு புதிதாகச் செய்யும்படி அனுப்பிவிட்டார். அதிலிருந்து எல்லா ஆய்வேடுகள் மேலும் அவருக்கு ஒரு கண் இருந்தது. கோமதியின் படங்களை என் மேசையில் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"படம் ரொம்ப அழகா இருக்கு மேடம். அதுதான் எனக்கு இடிக்கி."

"அவளே போட்டது சார். நான் பாத்திருக்கேன்."

"நீங்க எத்தன நாளு பக்கத்துல இருந்து பாத்திய. வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது. வகுப்புல வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. எக்ஸ்டர்னல் வரட்டும், வைவால நானும் உக்காருதேன். அவளால வெளக்க முடியலைன்னா இந்த வருசம் கையெழுத்துப் போட மாட்டேன். பெறவு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

குற்றம் சொல்ல எனக்கும் காரணமில்லை. ஆனால் கோமதிக்கு அது ஒரு முழு ஆண்டு. முதுகலை முடிந்ததும் கல்வியியல் படிப்பில் சேர விண்ணப்பமெல்லாம் எழுதி வைத்திருந்தாள். ஓர் ஆண்டு தள்ளிப்போனால் அது எத்தனை ஆண்டாக நீளும் என்பதை மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் பெண்களை வகுப்பில் வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துறைத்தலைவர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். முகம் மாறவில்லை. "சரி மேடம்" என்றாள். "வெளக்குதேன்."

அந்த வாரத்தில்தான் முறுக்குப் பட்டையை வரைந்தாள். புத்தகங்களில் அதற்கு ஓர் அறிஞரின் பெயர் உண்டு. எங்கள் வகுப்பில் முறுக்குப் பட்டைதான். நீளமான தாள் துண்டை எடுத்து, ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பி, மறு முனையோடு ஒட்டினால் கிடைப்பது. அதற்குப் பக்கம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே, வெளியே என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. ஒரு பக்கத்தில் நடக்கத் தொடங்கும் எறும்பு விளிம்பைத் தாண்டாமலே மறுபக்கத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

கோமதி மற்ற பரப்புகளுக்குச் செய்தது போலவே இதற்கும் முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் நீலம் என்று நிறம் கொடுத்திருந்தாள். பட்டை நேர்த்தியாக வந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும், பட்டைக்குக் குறுக்கே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம்.

லேப் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "நம்ம கோயில் சங்கரநாராயணர் கணக்கா பாதிக்குப் பாதி இருக்கு."

"மேடம், இந்தக் கோடு எங்கன இருந்து வருது" என்று கோமதி கேட்டாள்.

கேள்வியை மறுபடியும் படியுங்கள். வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை என்று துறைத்தலைவர் குறைப்பட்ட பெண் கேட்ட கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலை இன்று எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

"அது மெஷின் கோளாறு. நிறம் ஒட்டுற இடத்துல அப்படி ஆயிருக்கும். படத்தைக் கொஞ்சம் திருப்பி வை, கோடு பின்னால போயிரும். எக்ஸ்டர்னல் பாக்குற படம் நீட்டா இருக்கட்டும்."

நீட்டாக இருக்கட்டும். நம் கல்லூரிகளில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் செல்வாக்கை நீங்கள் அறிவீர்கள். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, ஓரக்கோடு நேராக இருக்க வேண்டும், வெளித் தேர்வாளர் வரும் நாளில் உடைந்த நாற்காலி மாடிக்குப் போய்விட வேண்டும். நாம் பொய் சொல்வதில்லை, திருப்பி வைக்கிறோம். அவளும் திருப்பி வைத்தாள். அந்தப் படமே அச்சாகி, ஆய்வேட்டில் பிணைக்கப்பட்டு, அட்டையில் பொன்னெழுத்தும் ஏறிவிட்டது.

இடையில் இரண்டு முறை அவள் என் அறை வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறது. முதல் முறை எல்லா மாணவர்களின் ஆய்வேட்டு முகப்புப் பக்கங்களையும் விரித்து வைத்து எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை அட்டை நிறம் தவறாக வந்துவிட்டதென்று அச்சகத்துக்காரரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் "அப்புறம் பாப்போம்மா" என்றேன். நான் கெட்டவளாக இருந்திருந்தால் இதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள்தான்.

வாய்மொழித் தேர்வு ஆய்வகத்தில் நடந்தது. வெளித் தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வாசலில் தானாகவே செருப்பைக் கழற்றி லேப் அண்ணாச்சியின் மதிப்பைப் பெற்றார். மேசைக்கு இந்தப் பக்கம் அவர், துறைத்தலைவர், மூன்றாவதாக நான். மேற்பார்வையாளர் அங்கே இருக்கலாம், பேசக்கூடாது. மாணவர் தடுமாறும்போது மேற்பார்வையாளர் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாலும், ஆய்வேட்டை எழுதியது யார் என்ற கேள்வி வந்துவிடும். அந்த அறையில் அந்தக் கேள்விதான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

கோமதி கோளத்தைக் காட்டினாள், உருளையைக் காட்டினாள், சேணத்தைச் சுழற்றி எந்தத் திசையில் எப்படி வளைகிறது என்று சொன்னாள். குரல் சன்னமாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. துறைத்தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு முறுக்குப் பட்டை வந்தது. மற்றவற்றையெல்லாம் சுழற்றியவள் இதை மட்டும் சுழற்றவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றார் வெளித் தேர்வாளர். "கொஞ்சம் திருப்புங்க."

கொஞ்சம் திருப்பினாள்.

"இன்னுங் கொஞ்சம்."

சுட்டியை இழுத்தாள். பட்டையின் பின்புறம் மெதுவாக முன்னால் வந்தது. அதோடு கோடும் வந்தது. இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம்.

துறைத்தலைவர் கைக்கட்டை அவிழ்த்தார். "என்ன கோடு இது. எங்கன இருந்தாவது எடுத்து ஒட்டும்போது வந்ததா."

"இல்ல சார்."

"அப்ப அச்சடிச்ச புத்தகத்துல இந்தக் கோடு எங்க. பின்னாடி வச்சு மறைச்சிருக்கே. யாரு திருப்பி வச்சது."

கோமதி அரை நொடி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டாள்.

"நான்தான் சார் திருப்பி வச்சேன்."

"ஏன்."

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் வார்த்தை வரவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அந்த இடைவெளியில் என் மனம் செய்த கணக்கு எனக்கு இன்றும் தெளிவாக இருக்கிறது. பேசினால், மேற்பார்வையாளர் காப்பாற்ற வருகிறார் என்று ஆகும். துறைத்தலைவரின் ஐயம் உறுதிப்படும். பேசாவிட்டால், நான் சொன்னதைச் செய்ததற்காக அவள் ஓர் ஆண்டை இழப்பாள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. பேசுவது, ஆனால் அவளுக்கு உதவும்படி ஒன்றும் சொல்லாமல் பேசுவது. உண்மையில் உதவும்படி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவும் இல்லை.

"மறைக்கச் சொன்னது நான் சார்" என்றேன். "இந்தக் கோடு எங்க இருந்து வருதுன்னு அவ என்கிட்ட கேட்டா. மெஷின் கோளாறுன்னு சொல்லித் திருப்பி வைக்கச் சொன்னேன். அது ஏன் வருதுன்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்ற சொல்லை அந்த மேசையில் சொல்வதற்கு நான் பணியில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. துறைத்தலைவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓரத்தில் நின்ற லேப் அண்ணாச்சி யு.பி.எஸ். பெட்டியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அது கோளாறு இல்ல மேடம்" என்றாள் கோமதி. தேர்வாளரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

மேசைமேல் இருந்த வெற்றுத் தாளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தாள். ஒரு பக்கம் சிவப்புப் பேனாவால் கிறுக்கினாள், மறுபக்கம் நீலப் பேனாவால். நேராக வளைத்து முனைகளைச் சேர்த்தாள்; சிவப்பு சிவப்போடு சேர்ந்தது. பிறகு ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பிச் சேர்த்தாள். சிவப்பு நீலத்தோடு முட்டியது.

"இதுக்கு ரெண்டு பக்கமே கெடையாது. நாம ரெண்டு நெறம் குடுத்தா அது எங்கன கொண்டு வைக்கும். எங்கயாவது ஓரிடத்துல முட்டித்தான் ஆகணும். புரோகிராம்ல சுத்து எந்தக் கோணத்துல ஆரம்பிக்கோ அங்கன முட்டும். ஆரம்பத்தை மாத்தினா கோடும் நகரும்."

நிரலில் ஓர் எண்ணை மாற்றினாள். பட்டை அசையவில்லை, கோடு மட்டும் வேறோர் இடத்துக்குத் தாவியது. இன்னோர் எண். இன்னோர் இடம். முறுக்கே இல்லாத வளையத்தைக் கொண்டுவந்தாள். வெளியே முழுதும் சிவப்பு, உள்ளே முழுதும் நீலம், கோடே இல்லை.

பக்கம் ஒன்றுதான் என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் நிறுவிக் காட்டிய உண்மை, திரையில் தன்னையே நிறுவிக் காட்டியிருந்தது. அதைத்தான் நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தேன்.

துறைத்தலைவர் விடவில்லை. அவர் விடாததை நான் இன்றும் மதிக்கிறேன். "கோடு தெரியாமப் பண்ண முடியாதா."

"முழுசும் ஒரே நெறமா அடிச்சா தெரியாது சார். ஆனா அப்ப அதுக்கு ஒரு பக்கந்தான்னும் யாருக்கும் தெரியாது."

அவர் எழுந்து திரையருகே போனார். பட்டையின் ஓரிடத்தில் விரலை அழுத்தி வைத்தார். "நான் சொல்லுத இடத்துல கொண்டு வா பாப்போம். இங்கன."

இதைத்தான் கடையில் வாங்கிய ஆய்வேட்டால் செய்ய முடியாது. கோமதி தாளில் ஏதோ கணக்குப் போட்டாள், எண்ணைத் தட்டினாள். கோடு அவர் விரலிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய் விழுந்தது.

துறைத்தலைவர் விரலை எடுக்கவில்லை. நான் என் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். கோமதி உதட்டைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தாளில் ஒரு வரியை அடித்தாள்.

"படத்தைத் திருப்பி வச்சிருக்கேம்லா சார். அந்தக் கோணத்தைச் சேக்காம விட்டுட்டேன்."

மறுபடி ஓர் எண். கோடு வந்து துறைத்தலைவரின் விரலுக்கு அடியில் நின்றது. அவர் விரலை மெல்ல எடுத்தார். சிவப்பும் நீலமும் சேரும் இடத்தின்மேல் விரல்ரேகை ஒன்று படிந்திருந்தது.

முதல் முறையே சரியாக வந்திருந்தால் அவர் அவ்வளவு நம்பியிருப்பாரா என்று எனக்கு ஐயம். மனப்பாடம் செய்தவருக்கு அந்தத் தவறு வராது. வந்தாலும், எங்கே வந்தது என்று தெரியாது. அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிவந்து, "சரி, உக்காரும்மா" என்றார். அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். ஆய்வேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். கோடு தெரியும் படத்தை ஒரு தனித்தாளில் அச்சிட்டு, கீழே விளக்கத்தைக் கையால் எழுதி, கடைசிப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். பொன்னெழுத்துப் போட்ட புத்தகத்தில் பேனாவால் எழுதிய பக்கம். அவர் காலத்தில் அதற்கு முன்போ பின்போ அப்படியொன்று நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"ஸ்கிரீனுல கை வைக்கக் கூடாதுன்னு எழுதியில்லா ஒட்டியிருக்கு" என்று முணுமுணுத்தபடி லேப் அண்ணாச்சி துணியோடு வந்தார்.

மதிய உணவுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி, துறைத்தலைவர் வெளித் தேர்வாளருக்கு ஆட்டுக்கறி பிரியாணி வரவழைத்திருந்தார். தேர்வாளருக்கோ அன்று கிருத்திகை விரதம். கடைசியில் அவர் உணவகத்துத் தயிர்ச்சாதத்தை நிதானமாகச் சாப்பிட, பிரியாணி ஆய்வகத்தை நோக்கிப் போயிற்று. எனக்கு மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. மற்ற படங்களையெல்லாம் அவள் காட்டியபடியே பார்த்தவர், இதை மட்டும் ஏன் திருப்பச் சொன்னார்? கேட்டேன்.

தயிர்ச்சாதத்தைக் கிண்டியபடி சிரித்தார். "எங்க காலேஜ்லயும் பசங்களுக்கு அந்தக் கோடு வரும் மேடம். நானும் திருப்பி வைங்கடான்னுதான் சொல்லிட்டு இருக்கேன். அதனால எங்க போனாலும் அந்தப் பட்டையை மட்டும் திருப்பிப் பாத்துருவேன். மத்தவங்க எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு ஒரு ஆசை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏன் வருதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உங்க எச்.ஓ.டி கிட்ட சொல்லிராதீங்க."

துறைத்தலைவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஊறுகாயைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வகுத்துச் சொல்ல விரும்பவில்லை. முட்டையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தீர்கள். இயந்திரம் இழுத்து வைக்கும் படமும் உண்டு, பரப்பே தன் இயல்பைக் காட்டும் படமும் உண்டு. இரண்டும் முதல் பார்வைக்குக் கோளாறு போலவே இருக்கும். எது எது என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். கோளாறு என்றால் போய்விடலாம். இயல்பு என்றால் இடம் மாறி நிற்கும், போகாது. அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் அட்டை நிறத்துக்குக் கொடுத்தேன்.

மாலையில் கல்லூரி வாயிலில் மேலநீலிதநல்லூர்ப் பேருந்துக்காக நின்றிருந்த கோமதியைப் பார்த்தேன். கையில் அந்தத் தாள் பட்டை இருந்தது. விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ரெண்டு மட்டம் வந்தேன் மேடம்."

'அப்புறம் பாப்போம்மா' என்று நான் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு முறை. காலையிலிருந்து என் நெஞ்சில் இருந்ததையும் சொன்னேன். "எச்.ஓ.டி கேட்டப்ப என்னைக் காட்டிக் குடுக்காம, நீதான் திருப்பி வச்சேன்னு சொன்னியே. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்மா."

பேருந்து வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"திருப்பி வச்சது நான்தான மேடம். அதைத்தான் சொன்னேன். வைக்கச் சொன்னது நீங்கன்னு அடுத்தாப்ல சொல்லத்தான் வாயத் தொறந்தேன்." படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டிய."